ஜெர்மன் இறந்தகாலத்துக்கு நான் கொடுத்த எட்டு மாதம்

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகலாம் என்று நான் முடிவெடுத்தபோது, ஏற்கெனவே அந்த மொழியைப் படித்தவர்கள் எல்லோரும் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் என்ற மூன்று சொற்களைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், ஜன்னல் ஒன்றன்பால் என்று எதையும் காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம் என்றார்கள். அதற்கு நான் தயாராகத்தான் போனேன். என்னைக் கவிழ்த்தது வினைச்சொல். அதிலும் நிகழ்காலத்திலிருந்து இறந்தகாலத்துக்கு மாறும் இடம். யாராவது ஒருவர் முன்கூட்டியே இதைச் சொல்லியிருந்தால் எட்டு மாதமும் இரண்டு லட்சத்துக்கு மேல் பணமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 17,500. அதை விட்டுவிட்டு சென்னைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, ஏ1 என்ற தொடக்க நிலையில் ஆரம்பித்து பி1 என்ற நடுநிலை வரை படித்தேன். வகுப்புக் கட்டணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண்ணுக்கு, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 60 எடுக்க வேண்டும். தவறினால் தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். முதல் முறை வாசித்தலும் கேட்டலும் நன்றாகவே வந்தன. எழுதுதலில் 51, பேசுதலில் 56. சான்றிதழில் எண் மட்டும்தான் இருக்கும், எங்கே தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முடிவு வந்த அன்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப்போடும் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். அம்மாவிடம் 'ரிசல்ட் இன்னும் வரலம்மா' என்று இரண்டு நாள் பொய் சொன்னேன்.

எழுதுதல் பகுதியில் முதல் கேள்வி, தோழிக்கோ நண்பருக்கோ சுமார் 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல். பெரும்பாலும் முடிந்துபோன ஒன்றைத்தான் கேட்பார்கள்: விழா எப்படி இருந்தது, பயணம் எப்படிப் போனது, என்ன வாங்கினாய். நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'போன ஞாயிற்றுக்கிழமை என் பிறந்தநாள். நிறைய பேர் வருகிறார்கள். நாங்கள் கேக் சாப்பிடுகிறோம். பாட்டி எனக்கு ஒரு கடிகாரம் கொடுக்கிறாள்.' படிக்கிற உங்களுக்கே எப்படி இருக்கிறது? அப்படித்தான் திருத்தியவருக்கும் இருந்திருக்கும். இறந்தகாலத்தை வகுப்பில் நடத்தவில்லை என்று சொல்ல முடியாது. ஏ1 முடியும்போது ஒரு வாரம் நடத்தினார்கள், ஏ2-இல் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ஆனால் வகுப்பில் தினமும் பேசியதெல்லாம் 'என் பெயர் இது, நான் இங்கே வசிக்கிறேன், காலையில் காபி குடிக்கிறேன்' வகைதான். வாய் நிகழ்காலத்துக்கே பழகிவிட்டது. கடிகாரம் ஓடும்போது வாய் பழகியதுதான் பேனாவிலும் வரும். நீங்கள் இப்போது ஏ1-இல் இருந்தால், இன்றிலிருந்தே வகுப்பு முடிந்ததும் 'இன்று என்ன செய்தேன்' என்று நான்கு வாக்கியமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை.

இரண்டாவது முறைக்கு நான் செய்த தயாரிப்பு முதல் தவறைவிடப் பெரிய தவறு. ஜெர்மனில் இறந்தகாலத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று ப்ரெடெரிட்டும், ஒரே சொல்லில் வருவது. நம் 'போனேன்' போல 'இஷ் கிங்'. இன்னொன்று பெர்ஃபெக்ட், துணைவினையும் முடிந்த வினையும் சேர்ந்து இரண்டு சொல்லாக வருவது: 'இஷ் பின் கெகாங்கன்'. பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒழுங்கற்ற வினைகளின் அட்டவணை இருந்தது, 170-க்குப் பக்கம். ஆறு வாரம் காலை ஐந்து மணிக்கு எழுந்து, பெருக்கல் வாய்ப்பாடு போல நடுப்பத்தியை, அதாவது ப்ரெடெரிட்டும் பத்தியை, உருப்போட்டேன். கேயன் - கிங், எஸ்ஸன் - ஆஸ், ஷ்லாஃபன் - ஷ்லீஃப். தேர்வில் பேசுதல் எப்படியோ 64 வந்து தேறிவிட்டது. எழுதுதல் 55.

அந்த 55-ஐப் பார்த்த பிறகுதான் ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருந்த ஓர் அக்காவிடம் போனேன். பி2 முடித்து விசாவுக்காகக் காத்திருந்தவர். தேர்வில் எழுதியதை நினைவிலிருந்து அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, 'ஏம்மா, நீ தோழிக்கு மெயில் எழுதுறியா, பாட்டி கதை எழுதுறியா?' என்று கேட்டார். ப்ரெடெரிட்டும் கதைக்கும் செய்தித்தாளுக்கும் உரியது, பேச்சிலும் நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் பெர்ஃபெக்ட்தான் வரும், அதிலும் நீ போகப்போகிற தெற்கு ஜெர்மனியில் பேச்சில் 'கிங்' என்பதைக் கேட்பதே அரிது என்றார். அதோடு, உருப்போட்டதை அவசரத்தில் கலந்தும் வைத்திருந்தேன். குடித்தேன் என்பதற்கு 'ட்ராங்க்' என்று வரவேண்டிய இடத்தில் 'ட்ரிங்க்டெ' என்று இல்லாத ஒரு சொல். தமிழில் யாராவது 'சாகினான்' என்று எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி.

அந்த அக்கா அன்று சொன்ன ஒரு கணக்குதான் என்னைக் காப்பாற்றியது. ப்ரெடெரிட்டும் வடிவத்தில் வாய்க்கு வரவேண்டியது வெறும் ஏழெட்டுச் சொற்கள்: வார் (இருந்தது), ஹாட்டெ (வைத்திருந்தேன்), கோன்டெ (முடிந்தது), முஸ்டெ (வேண்டியிருந்தது), வோல்டெ (விரும்பினேன்), இப்படிச் சில துணைவினைகள். இவற்றைப் பேச்சிலும் இதே வடிவத்தில்தான் சொல்கிறார்கள். மற்ற எல்லா வினைக்கும் பெர்ஃபெக்ட். அட்டவணையில் நான் படிக்க வேண்டியிருந்தது கடைசிப் பத்தி, படித்தது நடுப்பத்தி. ஆறு வாரம் அப்படிப் போனது. பத்திரிகை படிக்க நடுப்பத்தியும் தேவைதான், ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்தால் போதும், வாய்க்கு வரவேண்டியதில்லை.

பெர்ஃபெக்ட் நம்மவர்களுக்கு உண்மையில் வசதியானது. துணைவினை இரண்டாவது இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், முக்கியமான வினை தமிழைப் போலவே வாக்கியத்தின் கடைசிக்கு வந்துவிடும். 'நேற்று டாக்டரிடம் பேசினேன்' என்பது 'இஷ் ஹாபெ கெஸ்டர்ன் மிட் டேம் ஆர்ட்ஸ்ட் கெஷ்ப்ரோஹன்'. பேசினேன் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கெஷ்ப்ரோஹனும் நிற்கிறது. எந்தத் துணைவினை என்பதில்தான் கவனம் வேண்டும். பெரும்பாலான வினைகளுக்கு ஹாபன் ('ஹாபெ', 'ஹாட்' இதன் வடிவங்கள்). இடம் மாறுவதற்கும் நிலை மாறுவதற்கும் ஸைன் ('பின்', 'இஸ்ட்' இதன் வடிவங்கள்): போனார், வந்தார், எழுந்தார், தூங்கிப்போனார், இறந்தார். நோயாளி கீழே விழுந்தார் என்பதற்கு 'இஸ்ட் கெஷ்ட்யூர்ட்ஸ்ட்'. அதனால் வினையைத் தனியாகப் படிக்காமல் துணைவினையோடு சேர்த்தே நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

முன்னால் 'கெ' போட வேண்டுமா என்பது அடுத்த சந்தேகம். 'ஈரன்' என்று முடியும் வினைகளுக்குக் கிடையாது: ஒப்பெரீர்ட், இன்ஃபொர்மீர்ட். 'பெ', 'ஃபெர்', 'எர்', 'என்ட்', 'ட்ஸெர்' என்று தொடங்கும் வினைகளுக்கும் கிடையாது. பிரிந்து நிற்கும் முன்னொட்டு இருந்தால் 'கெ' நடுவில் நுழையும்: ஆஃப்ஷ்டேயன் (எழுந்திருத்தல்) என்பது ஆஃப்கெஷ்டான்டன். உள்ளே உயிரெழுத்து மாறுவது ஒன்றுதான் மனப்பாடம். அதற்கும் நமக்குத் தெரிந்த ஆங்கிலம் கைகொடுக்கும். ட்ரிங்க் - ட்ராங்க் - ட்ரங்க் என்று பள்ளியில் படித்ததுதான் ட்ரிங்கன் - ட்ராங்க் - கெட்ருங்கன். சிங் - சாங் - சங் என்பது ஸிங்கன் - ஸாங் - கெஸுங்கன். கட்டுப்போடுவதற்கு நாங்கள் தினமும் சொல்லும் ஃபெர்பின்டன் - ஃபெர்பான்ட் - ஃபெர்புன்டன் கூட இதே வரிசையில் வரும். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதால் வரும் ஒற்றுமை இது. இப்படி உயிர் மாறும் வினைகளை வலுவினை என்றும் மாறாதவற்றை மெல்வினை என்றும் பிரித்தவர், தேவதைக் கதைகளைத் தம்பியோடு சேர்ந்து தொகுத்த அதே யாகோப் க்ரிம். அவருடைய ஜெர்மன் இலக்கண நூலின் முதல் தொகுதி 1819-இல் வந்தது. இதைத் தெரிந்துகொண்டதால் மதிப்பெண் ஏதும் கூடவில்லை. ஆனால் இது வெறும் குழப்பம் இல்லை, இதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்ற தைரியம் வந்தது.

இன்னொன்றை நானாகக் கண்டுபிடித்தேன், அதில் எனக்கு இன்றும் சந்தோஷம். 'படுத்திருக்கிறார்' என்பதற்கு லீகன், 'படுக்க வைக்கிறேன்' என்பதற்கு லேகன். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்டு எனக்குத் தலைசுற்றும். முடிந்த வடிவத்தில் ஒன்று கெலேகன், இன்னொன்று கெலேக்ட். உட்கார்ந்திருப்பதற்கும் உட்கார வைப்பதற்கும் அதேபோல: கெஸெஸ்ஸன், கெஸெட்ஸ்ட். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கிளாஸ் கைநழுவியது. 'உடைந்தது', 'உடைத்தேன்' என்று இரண்டும் ஒன்றாக மனசில் வந்தன. தானாக நடந்தால் 'ந்த்', நான் செய்தால் 'த்த்'. வளைந்தது - வளைத்தேன், சேர்ந்தது - சேர்த்தேன். நம் இறந்தகாலத்திலேயே இந்த வேறுபாடு இருக்கிறதே! ஜெர்மனிலும் தானாக இருப்பதற்கு உயிர் மாறும் வலுவினை, நாம் செய்வதற்கு 'ட்' போடும் மெல்வினை. அன்றிலிருந்து அந்தச் சோடிகளில் தப்பு வரவில்லை.

நாம் சிறு வயதிலேயே பேசக் கற்றதால் நம் மொழியின் இறந்தகாலம் எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரிவதில்லை. நிகழ்காலத்துக்குப் பேச்சுவழக்கில் ஏறக்குறைய ஒரே அடையாளம், 'கிறு'. இறந்தகாலத்துக்கு நன்னூல் த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலை சொல்கிறது. செய்தேன், உண்டேன், சென்றேன், ஓடினேன். கொள்கிறான் என்றால் கொண்டான், கொல்கிறான் என்றால் கொன்றான், சொல்கிறான் என்றால் சொன்னான். வா என்பது வந்தேன் ஆகிறது, சா என்பது செத்தான் ஆகிறது. இதையெல்லாம் ஒரு ஜெர்மன்காரர் அட்டவணை போட்டுத்தான் படிக்க வேண்டும். இதை நினைத்தபோது 'எனக்கு மட்டும் மூளை இல்லையோ' என்ற தாழ்வு மனப்பான்மை விலகியது. மூன்றாவது முறை எழுதுதலில் 72.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் தேர்வுக்கும் மூன்றாவது தேர்வின் முடிவுக்கும் நடுவில் எட்டு மாதம். தேர்வுக்கு இடம் கிடைக்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹாஸ்டலும் சாப்பாடும் மாதம் 9,000 வீதம் 72,000. மறுதேர்வுக்கு, முதலில் இரண்டு பகுதி, பிறகு ஒரு பகுதி, மொத்தம் 19,500. வாங்காமல் விட்ட சம்பளம் 1,40,000. ஆக 2,31,500. அடகு வட்டி தனி. வேலையை முழுவதுமாக விடாமல், பி1 வகுப்பு வரைக்குமாவது பகுதி நேரமாகப் பார்த்திருக்கலாம் என்பது இப்போது தோன்றுகிறது.

தேர்வு முடிந்தால் இந்தப் பிரச்சினையும் முடிந்தது என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். உண்மையில் பெரிய பாடம் வார்டில்தான் காத்திருந்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

சேர்ந்து ஏழாவது வாரம், மாலை ஷிப்ட். எலும்பு வார்டு. இடுப்பு அறுவை முடிந்த 81 வயதுப் பெரியவர் ஒருவருக்கு எட்டு மணிக்கு வலி மாத்திரை கொடுத்தேன், ஐபுப்ரோஃபென் 600. அடுத்த அறையில் மணி அடித்ததால் மருந்து அட்டவணையில் டிக் போடாமல் ஓடினேன். எட்டரைக்கு இரவு நர்ஸிடம் ஒப்படைப்பு, இங்கே அதற்கு யூபர்காபெ என்று பெயர். பன்னிரண்டு நோயாளிகளைப் பற்றிப் பதினைந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். களைப்பு, பதற்றம். அந்தப் பெரியவர் பெயர் வந்ததும், 'அவருக்கு வலி இருந்தது, ஐபுப்ரோஃபென் கொடுத்தாயிற்று' என்று சொல்ல நினைத்து, 'எர் பெகோம்ட் ஐபுப்ரோஃபென்' என்றேன். பெகோமன் என்றால் பெறுதல். 'எர் ஹாட் பெகோமன்' என்றால் வாங்கிக்கொண்டார். 'எர் பெகோம்ட்' என்றால் கொடுக்கப்படுகிறது, கொடுக்க வேண்டும், கொடுக்கப்போகிறோம், எதுவும் ஆகலாம். ஜெர்மனில் நம்மைப் போலவே நிகழ்காலம் எதிர்காலத்துக்கும் வேலை செய்யும். 'நாளைக்கு வர்றேன்' என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல. இரவு நர்ஸ் அதைக் கொடுக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் தப்பே இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது போன் வந்தது. ஒன்பது மணிக்கு இரவு நர்ஸ் சின்னக் கோப்பையில் மாத்திரையோடு போயிருக்கிறார். பெரியவர் கோப்பையைப் பார்த்துவிட்டு, 'இது எனக்கு அந்தச் சின்ன ஷ்வெஸ்டர் கொடுத்தாயிற்றே' என்று சொல்லியிருக்கிறார். ஷ்வெஸ்டர் என்றால் இங்கே நர்ஸ். போனில் கேள்வி ஒரே வரி: கொடுத்தாயா, இல்லையா? எனக்குக் கால் நடுங்கியது. அந்த வயதில், அறுவை முடிந்த உடம்பில், ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவது மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியும். அவர் தெளிவாக இருந்ததால் தப்பித்தோம். தூக்கக் கலக்கத்தில் இருந்திருந்தால் விழுங்கியிருப்பார்.

மறுநாள் வார்டு பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. நேரவிருந்த தவறுகளைப் பதிவுசெய்யும் படிவத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து நிரப்பினோம். 'காரணம்' என்ற கட்டத்தில் முதலில் டிக் போடாததை எழுதினோம், பிறகு என் வாக்கியத்தை. அன்று இரவு அறைக்கு வந்து அம்மாவிடம் பேசினேன். 'சாப்பிட்டியாம்மா?' என்றார். அடுப்பில் சோறு அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது. 'இதோ சாப்டுட்டேன்மா' என்றேன். சொன்னதும் எனக்கே உறைத்தது. சாப்பிடவே இல்லை, சாப்பிட்டுவிட்டேன் என்கிறேன். தூங்கி எழாமலே 'இதோ கிளம்பிட்டேன்' என்கிறோம், சமையலறையிலிருந்து நகராமலே 'வந்துட்டேன்' என்கிறோம். நடக்காததற்கு இறந்தகாலம், நடக்கப்போவதற்கு நிகழ்காலம். வீட்டில் கேட்கிறவருக்கு நம் குரலும் நேரமும் தெரியும், அதனால் புரிந்துகொள்வார். மருந்து விஷயத்தில், இன்னொரு மொழியில், அந்தப் பழக்கம் ஆபத்து. வினையின் வடிவத்தை மட்டும் நம்பிப் பேசும் இடம் அது.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை இவை. மாத்திரை நோயாளியின் வாய்க்குள் போன உடனே டிக், மணி அடித்தாலும் சரி. வார்டில் திரும்பத் திரும்ப வரும் வினைகள் இருபத்தைந்துக்குள்தான். சாப்பிட்டார், குடித்தார், தூங்கினார், விழுந்தார், வாந்தி எடுத்தார், எழுந்து நடந்தார், அளந்தேன், கொடுத்தேன், கட்டுப்போட்டேன், டாக்டரிடம் சொன்னேன். இவற்றை மட்டும் பெர்ஃபெக்டில் முழு வாக்கியமாக ஒரு சின்ன நோட்டில் எழுதி, பேருந்தில் வரும்போது முணுமுணுத்தேன். வடிவம் குழம்பினாலும் பொருள் குழம்பாமலிருக்க இரண்டு சொற்களை எப்போதும் சேர்க்கிறேன்: ஷோன் என்றால் ஏற்கெனவே, நோஹ் நிஷ்ட் என்றால் இன்னும் இல்லை. கூடவே மணி. 'ஷோன் பெகோமன், உம் ஆஹ்ட்.' ஏற்கெனவே வாங்கிக்கொண்டார், எட்டு மணிக்கு. அவசரத்தில் துணைவினை விழுங்கப்பட்டாலும் இந்த அரை வாக்கியம் யாருக்கும் புரியும். சந்தேகம் இருந்தால் கேட்பவரையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், இங்கே யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த இரவு நர்ஸும் ஒன்றை மாற்றிக்கொண்டிருக்கிறார். யார் ஒப்படைத்தாலும், ஜெர்மன்காரர்களாகவே இருந்தாலும், மருந்து என்று வந்துவிட்டால் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு 'ஷோன்? நோஹ் நிஷ்ட்?' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த நோயாளிக்குப் போகிறார்.